பச்சைக் கோட்டுக்காரர் எந்தப் பக்கம் பார்க்கிறார்

என் அக்காவின் கணவர் நாற்பத்து மூன்றாம் வயதில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்குக் காரணம் ஒரு பல் டாக்டர். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் படிப்பு நடந்த மூன்று வருடமும் பகலெல்லாம் எங்கள் சலூனில் இரண்டு நாற்காலிகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவன் நான். எனக்குச் சிரிப்பு வர ரொம்ப நாளாயிற்று.

சலூன் எங்கள் இருவருடையது. வாசல் பக்கத்து நாற்காலி மாமாவுக்கு, உள்பக்கத்து நாற்காலி எனக்கு. எதிரே சுவர் நீளத்துக்கும் கண்ணாடி. மாமா இருபத்திரண்டு வருடமாக வாடிக்கையாளரின் முதுகுக்குப் பின்னால் நின்று, கண்ணாடியில் முகத்தைப் பார்த்து முடி வெட்டுகிறவர். பேச்சு வார்த்தை, நலம் விசாரிப்பு, குடும்பக் கவலை எல்லாமே கண்ணாடியோடுதான். எந்தத் தலையில் எந்தப் பக்கம் சுழி, யார் காது எவ்வளவு தாழ்வு என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

அந்தப் பல் டாக்டர் பதினோரு வருடமாக மாதம் தவறாமல் எங்களிடம் வருகிறவர். ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்திருக்கிறார். மாமாவோ, "நீங்க யாருன்னு தெரியலையே" என்று கேட்டு வைத்தார். டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. அதன் பிறகு அவர் எங்கள் கடைப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. அவரும் லேசுப்பட்டவர் இல்லை, ஆள் வாயைத் திறந்தால்தான் யாரென்று அவருக்குப் பிடிபடும் என்று அவருடைய கம்பவுண்டர் பிறகு என்னிடம் சொன்னார். ஆனால் மாமாவுக்கு அதெல்லாம் ஆறுதலாக இல்லை.

அன்றைக்கு மாமா தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா நான் ஒரு மூஞ்சியக்கூட நேராப் பார்த்ததில்ல. எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் கண்ணாடிக்குள்ள இருக்காங்க. வெளிய நடமாடுறவங்க யாருன்னே தெரியல," என்றார்.

"அதனால என்ன மாமா? முடி கோணாம வெட்டுறீங்கல்ல?" என்றேன்.

"பேசாம சாப்பிடு மாப்ள. உனக்குப் புரியாது."

அக்காவுக்குப் புரிந்தது, அதுதான் கஷ்டம். அவள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மறுநாளே ஓவியக் கல்லூரி விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். குறைந்தபட்ச வயது பதினேழு என்று போட்டிருந்தார்கள். அதிகபட்ச வயதைப் போட மறந்துவிட்டார்கள். போடாததால் யாரும் தடுக்க முடியாது என்று அக்கா சட்டம் பேசினாள். நேர்முகத் தேர்வில், எதற்காகச் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, முகத்தை நேராகப் பார்க்க என்று மாமா சொல்லியிருக்கிறார். அதை ஆழமான பதில் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

காலையில் வரைதல், களிமண், வண்ணம். மதியம் இருட்டறையில் கலை வரலாறு. மாலை நான்கு மணிக்கு மாமா கைவிரல் எல்லாம் கரியோடு சலூனுக்கு வருவார். அந்தக் கையால் சவரம் செய்துகொள்ள வாடிக்கையாளர்கள் தயங்கினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன்.

வரைதல் வகுப்பில் முதல் நாளே சிக்கல். நடுவில் ஒரு ஆளை முக்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் பலகைகளோடு மாணவர்கள் உட்கார்ந்து அந்த முகத்தை வரைய வேண்டும். மாமாவுக்குக் கோடு ஓடவில்லை. மூன்றாம் நாள் கடையிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்துப் போனார். முக்காலி ஆளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணாடியைப் பலகையில் செருகி, அதில் பார்த்து வரைந்தார். படம் அச்சாக வந்தது. ஆனால் ஆளுடைய வலது கன்னத்து மச்சம் படத்தில் இடது கன்னத்துக்குக் குடிபோயிருந்தது.

"மச்சம் இடம் மாறியிருக்கு. ஆள் யாரோ மாதிரி இருக்கார்," என்றார் வரைதல் டீச்சர்.

முக்காலியில் உட்கார்ந்தவரோ படத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். "இதுவரைக்கும் எத்தனையோ பேர் வரைஞ்சிருக்காங்க. என்னை என்னை மாதிரியே வரைஞ்சது இவர்தான்," என்றார்.

அவர் சொன்னதும் சரி, டீச்சர் சொன்னதும் சரி. எந்த மனுஷனுக்கும் தன் முகம் கண்ணாடியில் பார்த்த முகம்தானே. மாமா வீட்டில் அக்காவை வரைந்தபோதும் இதே கூத்துதான். அக்கா, அப்படியே நான்தான் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எனக்கு அது அக்காவின் தூரத்துச் சொந்தம் மாதிரித் தெரிந்தது. கல்லூரியில் மாமாவுக்குக் 'கண்ணாடி' என்று பட்டப்பெயர் விழுந்தது. கடைசியில் வரைந்த தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பின்பக்கத்திலிருந்து கோட்டை ஒற்றியெடுக்கக் கற்றுக்கொண்டார். மச்சம் ஊர் திரும்பியது. வரைதலில் தேறிவிட்டார். ஆனால் இன்னமும் நேராகப் பார்க்கவில்லையே என்று புலம்பினார்.

கலை வரலாற்றில்தான் கழுத்துக்குக் கத்தி வந்தது.

அந்தப் பாடத்தை நடத்திய பேராசிரியர் ஒரே ஓர் ஓவியத்துக்காக வாழ்ந்தவர். பச்சைக் கோட்டு போட்ட ஒரு மனிதரின் படம் அது. எங்கோ தொலைதூரத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேராசிரியர் அங்கே போனதில்லை. கல்லூரிக்கு வந்த ஸ்லைடில், அதாவது விளக்கு வைத்துத் திரையில் பெரிதாகக் காட்டும் அந்தச் சின்ன பிலிம் சதுரத்தில், இருபத்தாறு வருடமாகப் பார்த்துவருகிறார். பச்சைக் கோட்டுக்காரர் இடப்பக்கம் பார்க்கிறார். பேனாவும் இடது கையில். படத்தின் மூலையில் நான்கு விசித்திரமான குறிகள். அவர் ஏன் இடப்பக்கம் பார்க்கிறார், இடது கையால் எழுதி உலகத்தை எப்படி எதிர்த்தார், அந்த நான்கு ரகசியக் குறிகள் எந்த மறைவான சங்கத்துடையவை என்று பேராசிரியர் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்குப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வருடமும் பரீட்சையில் அதிலிருந்து முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. குறிகளை அச்சுப் பிசகாமல் வரைந்து காட்ட வேண்டும்.

இருட்டறையில் அந்தப் படம் திரையில் விழுந்த முதல் நாள், மாமா பக்கத்திலிருந்த பையனிடம், "அது 1724 தானே?" என்று கேட்டாராம்.

எங்கள் கடையில் பின்சுவரில் நாட்காட்டி தொங்குகிறது. மாமா இருபத்திரண்டு வருடமாகத் தேதியைக் கண்ணாடியில்தான் வாசிக்கிறார். திரும்பியிருக்கும் ஒன்று, ஏழு, இரண்டு, நான்கு அவருக்கு ரகசியமே இல்லை. கோட்டுப் பொத்தான்களும் எதிர்ப்பக்கம். ஸ்லைடு திருப்பி மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். எந்த மூலையைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும் என்பதற்காக ஸ்லைடு ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவார்கள். ப்ரொஜெக்டர்காரர் பொட்டைப் பார்த்து ஒழுங்காகத்தான் மாட்டுகிறார். பொட்டுதான் தப்பான பக்கம். அதை ஒட்டியது யார் என்று மாமா விசாரித்தார். பேராசிரியரே, வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், தன் கையால்.

முதல் பரீட்சையில் மாமா எழுதினார்: அவை குறிகள் அல்ல, 1724 என்ற வருடம். ஸ்லைடு திரும்பியிருக்கிறது. அவர் வலப்பக்கம் பார்க்கிறார். முப்பதுக்குச் சைபர். ஓரத்தில் சிவப்பு மையில் 'வீண் கற்பனை'. தாளில் தோற்றுவிட்டார்.

இரண்டாம் வருடம் திரும்பவும் எழுதினார். திரும்பவும் அதையே எழுதினார். திரும்பவும் சைபர். ஒரே தாளில் மூன்று முறை தோற்றால் கல்லூரியிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள், பட்டயம் கிடையாது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பரீட்சை.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "என்னங்க, அந்த நாலு கிறுக்கலை வரைஞ்சு குடுத்துட்டு வந்தா என்ன? கையா வலிக்குது?"

"வருஷத்த வருஷம்னு தெரிஞ்சும் எப்படிம்மா மாத்தி எழுதுறது?"

"அப்ப அவர்கிட்ட நேர்ல சொல்லுங்க. மூணு வாரத்துக்கு ஒரு தடவ உங்ககிட்டத்தானே தலையக் குடுக்கறார்?"

உண்மைதான். பேராசிரியர் எங்கள் வாடிக்கையாளர், மாமாவின் நாற்காலி. தனிக்கட்டை. பேச்சுக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார். சோப்பு நுரைக்குள்ளிருந்தே பச்சைக் கோட்டுக்காரரைப் பற்றிப் பேசுவார். மாமா "ஆமாங்க சார், ஆமாங்க சார்" என்று தாடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் போனதும் நான் சண்டைக்குப் போவேன்.

"சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"கையில கத்தி இருக்கு. ஒருத்தர் கழுத்துல கத்தி வச்சுக்கிட்டு, உங்க இருபத்தாறு வருஷம் தப்புன்னு சொல்லலாமா?"

"கத்தியக் கீழ வச்சுட்டுச் சொல்லுங்க."

"கீழ வச்சா அவர் எழுந்து போயிடுவார். வகுப்புல அவர் வாத்தியார், நான் பையன். நான் பதில் சொல்ல எனக்கு இருக்கிற இடம் பரீட்சைத் தாள்தான்."

 

அக்கா விடுகிறவள் இல்லை. அப்போதெல்லாம் கைபேசியில் தட்டினால் படம் வந்து விழாது. ஸ்லைடு சட்டத்தில் ஒட்டியிருந்த அருங்காட்சியகத்தின் பெயரை மாமாவிடம் கேட்டு வாங்கி, ஒரு கடிதம் டைப் அடித்தாள். பதினைந்து வருடமாக வக்கீல் நோட்டீஸ் தவிர வேறெதையும் அடித்தறியாத கை. இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் பச்சைக் கோட்டுக்காரர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதைத் தெரிவிக்கத் தவறினால், அதனால் ஏற்படும் விளைவுகளுக்குத் தாங்களே முழுப்பொறுப்பு என்று முடித்திருந்தாள். அருங்காட்சியகம் பயந்துவிட்டது போலிருக்கிறது. மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதமும், படத்தின் தபால் அட்டை ஒன்றும் அனுப்பிவிட்டார்கள்.

அட்டையில் பச்சைக் கோட்டுக்காரர் ஜம்மென்று வலப்பக்கம் பார்த்தார். பேனா வலது கையில். மூலையில் பளிச்சென்று 1724.

"ஜெயிச்சாச்சு. நாளைக்கே கொண்டுபோய் அவர் மேஜையில வைங்க," என்றாள் அக்கா.

மாமா அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். "அடுத்த மாசம் அவருக்கு ஓய்வு. போற நேரத்துல மேஜையில வைக்கிற பொருளா இது?" என்றார். கடையின் பின்சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஒட்டிவைத்தார். அவராகவே பார்த்துத் தெரிந்துகொண்டால் யாரும் சொன்னதாக ஆகாது என்பது கணக்கு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று வந்துகொண்டிருந்தவர், அந்த நேரம் பார்த்து இரண்டு மாதமாக வரவில்லை. ஓய்வும் ஏதோ காகிதத்தால் தள்ளிப்போனது. கடைசிப் பரீட்சைக்கு நான்கு நாள் முன்புதான், தலை புதராகி, வந்து உட்கார்ந்தார்.

நான் என் நாற்காலியில் ஒருவருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பேராசிரியர் கண்ணாடியைப் பார்த்தார். அவர் முகத்துக்கு மேலே, பின்சுவர் அட்டை தெரிந்தது. 

"அட, என் ஆளை மாட்டியிருக்கீங்களே," என்றார் பேராசிரியர். முகமெல்லாம் பூரிப்பு.

அப்போதுதான் எங்கள் மூன்று பேருடைய மூளையின் லட்சணமும் எனக்கு விளங்கியது. நேராக இருக்கும் அட்டை கண்ணாடியில் திரும்பித்தானே தெரியும். பச்சைக் கோட்டுக்காரர் பழையபடி இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் அதே நான்கு ரகசியக் குறிகள். பேராசிரியர் முடி வெட்டி முடியும்வரை பேசிக்கொண்டே இருந்தார். தன் புத்தகத்தை ஒரு மாணவனாவது மனசுக்குள் எடுத்துக்கொண்டானே, இனி ஓய்வு பெற்றாலும் கவலையில்லை என்றார். மாமாவின் கத்தரி ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

முடித்ததும் நாற்காலியைச் சுழற்றி வாசலைப் பார்க்க நிறுத்தித் துணியை உதறுவது மாமாவின் வழக்கம். அன்றைக்குச் சுழற்றவில்லை. துணியை விரித்துப் பிடித்துச் சுவரை மறைத்துக்கொண்டே, அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். பிறகு முகம் கழுவப் பின்பக்கம் போனார்.

பேராசிரியர் குடையை மறந்துவிட்டார். எடுக்கத் திரும்பி வந்தார். குடை தொங்கியது அட்டைக்கு நேர் கீழே.

குடையை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. அட்டையைப் பார்த்தார். திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி அட்டை, மறுபடி கண்ணாடி. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. மீசைக்காரர் பொறுமையிழந்து, "என்னப்பா, பாதியோட நிறுத்திட்ட?" என்றார்.

"இது எப்ப வந்தது?" என்று பேராசிரியர் என்னிடம் கேட்டார்.

"ரெண்டு மாசமாச்சு சார்."

"அவருக்குத் தெரியுமா?"

"அவருதான் ஒட்டினார்."

குடையை எடுத்துக்கொண்டார். "நான் திரும்பி வந்ததை அவர்கிட்ட சொல்ல வேண்டாம்," என்றார். குடையைத் தலைகீழாக ஊன்றிக்கொண்டு வாசலைத் தாண்டினார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளுக்குள் குதூகலம். மாமா இந்த முறையும் 1724 என்று எழுதுவார். பேராசிரியருக்கோ இப்போது உண்மை தெரிந்துவிட்டது. முப்பதுக்கு முப்பது. பட்டயம் கைக்கு வந்த மாதிரிதான். அதனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

பரீட்சை முடிந்து மாமா நேராகக் கடைக்கு வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"இந்தத் தடவ அவர் கேட்டதையே குடுத்துட்டேன் மாப்ள. இடப்பக்கம், இடது கை, நாலு குறி. அழகா வரைஞ்சேன். ஒரு மாணவனாவதுன்னு அவர் சொன்னதுக்கப்புறம் மனசு கேக்கல. உங்க அக்காவுக்கும் சந்தோஷம்."

 கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். மாமா கீழே கிடந்த முடியைக் கூட்ட ஆரம்பித்தார். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினார். அக்கா செய்தி கேட்டு, எங்கள் இருவரையும் சேர்த்து ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தாள்.

பத்து நாள் கழித்துப் பேராசிரியர் வந்தார். கையில் ஒரு காகிதக் கட்டு. மாமாவின் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"முப்பத்தொரு பேர் எழுதினாங்க. முப்பத்தொரு பேரும் நாலு குறியை வரைஞ்சிருக்காங்க. எல்லாருக்கும் சைபர் போட்டேன். உங்க தாளைக் கடைசியா எடுத்து வச்சிருந்தேன். அது ஒண்ணாவது சரியா இருக்கும்னு."

"நீங்க வருத்தப்படக் கூடாதுன்னு எழுதினேன் சார்."

"ரொம்ப அழகா வரைஞ்சிருந்தீங்க. சைபர்தான் போட முடிஞ்சது."

இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள். எனக்கு இருவரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

பேராசிரியர் கட்டைப் பிரித்தார். மாமாவின் முதல் வருடத் தாள். 'வீண் கற்பனை' கோடு போட்டு அடித்திருந்தது. முப்பதுக்கு முப்பது. பழைய தாளைத் திருத்த வேண்டுமானால் தவறு தன்னுடையது என்று பேராசிரியர் எழுத்தில் தர வேண்டும், அது கல்லூரிப் பதிவேட்டில் ஏறும் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். அவர் எழுதிக்கொடுத்த கடிதத்தின் நகலையும் காட்டினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதிய மனிதர், ஒரே வரி எழுதியிருந்தார். பொட்டைத் தப்பாக ஒட்டியது நான்.

மாமா அதை வாசித்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

கல்லூரி தன் பங்குக்கு ஒரு கடிதம் அனுப்பியது. நீங்கள் முதல் முறையே தேறிவிட்டதால் பின்னர் இருமுறை பரீட்சை எழுதியது விதிமீறல், இனி இவ்வாறு செய்ய வேண்டாம், பட்டயத்தை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். ஸ்லைடை யாரும் திருப்பவில்லை. பாடத்திட்டத்தில் இடப்பக்கம் என்று இருக்கிறது, மாற்றக் குழு கூட வேண்டும். அதுவரை மாணவர்கள் ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொண்டுவர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. மொத்தமாக எங்கே கிடைக்கும் என்று எங்களிடமே விசாரித்தார்கள்.

ஓய்வு பெற்ற மறுவாரம் பேராசிரியர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். பேச்சுவாக்கில், எதற்காக ஓவியம் படிக்க வந்தீர்கள் என்று கேட்டார். மாமா பல் டாக்டர் கதையைச் சொன்னார்.

"இப்ப ஆளுங்களை அடையாளம் தெரியுதா?"

"எங்க சார். பட்டயம்தான் வந்திருக்கு. போன வாரம் உங்களையே தெருவுல பார்த்தேன். யாரோன்னு நினைச்சுத் தாண்டிப் போயிட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் கையில இருந்த குடை ஞாபகம் வந்து, நீங்கன்னு தெரிஞ்சது."

பேராசிரியர் கண்ணாடியில் தன்னையே பார்த்தார். நாற்பது வருடமாக அவர் இடப்பக்கம் வகிடு எடுக்கிறவர்.

"வகிட்டை வலப்பக்கம் மாத்திடுங்க," என்றார்.

"முடி படியாதே சார். இத்தனை வருஷப் பழக்கம்."

"பரவாயில்ல. மாத்துங்க."

முதலில் முடி முள்ளாக நின்றது. எண்ணெய் வைத்து, சீவி, பல மாதம் மல்லுக்கட்டி ஒருவழியாகப் படிந்தது. இப்போது தெருவில் அவர் எதிரே வந்தால், மாமா இத்தனை வருடம் கண்ணாடிக்குள் பார்த்த அதே முகம், அதே பக்கத்து வகிட்டோடு நடந்து வருகிறது. அவருடைய பழைய சிநேகிதர்கள் நின்று, "நீங்க யாரோன்னு நினைச்சேன்" என்கிறார்கள். மாமா மட்டும் சாலையின் அந்தக் கோடியிலிருந்தே பார்த்துவிட்டு, "சார்" என்று கையைத் தூக்குகிறார்.